'போல்ட் போட்ட' மாடல் எம்: பின்தகட்டின் படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள்

பழைய ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு தேடுபவர்கள் கவனத்துக்கு. ஏமாந்து வாங்கிய ஒன்றின் விளம்பரத்தில் இருந்தது இது: பாக எண் 1391401, 1987 தயாரிப்பு, ரிவெட் (உள் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் தண்டு) எல்லாம் எடுத்துவிட்டு போல்ட் போட்டது, எல்லாக் கீயும் வேலை செய்கிறது, யூஎஸ்பி அடாப்டர் இலவசம். படங்கள் பளிச்சென்று இருந்தன, ஆனால் எல்லாமே முன்பக்கம். பார்சலில் வந்ததை எடுத்துக் குலுக்கினால் கேஸுக்குள் கடுகு உருளும் சத்தம். உருண்டவை உடைந்த ரிவெட் தலைகள். உண்மையிலேயே போல்ட் போட்ட கீபோர்டில் அவை இருக்க வழியே இல்லை.

மாடல் எம்மின் உயிர் ரிவெட்டில்தான் இருக்கிறது. மேலே ஸ்பிரிங்குகள் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, அதன் கீழ் ரப்பர் விரிப்பு, மூன்று அடுக்கு மெம்பரேன் (மின் பாதைகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்), கடைசியில் வளைந்த இரும்புத் தகடு. பிளாஸ்டிக் தட்டிலிருந்து கிளம்பும் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு தண்டுகள் இவை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு பின்னால் வந்து, அங்கே நுனி உருக்கப்பட்டுத் தலையாக நிற்கின்றன. இவைதான் ரிவெட். முப்பது நாற்பது வருஷத்தில் அந்த பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிவிடும். கீழே விழுந்தாலோ, கூரியரில் அடிபட்டாலோ தலைகள் தெறிக்கும். தலை போன இடத்தில் அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி விழும். முதலில் கீ மந்தமாக அழுந்தும், 'டிக்' சத்தம் மழுங்கும், பிறகு எழுத்தே விழாது. ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. ஒரே பகுதியில் நாலைந்து போயிருந்தால் அடுத்தடுத்தவை மீது பாரம் ஏறி அவையும் போகும்.

திறப்பது எளிது. பின்விளிம்பில் ஆழமான குழிகளுக்குள் நான்கு அறுகோணத் தலை ஸ்க்ரூ. 5.5 மி.மீ. நட் டிரைவர் வேண்டும். சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்த சாக்கெட் குழிக்குள் இறங்காது. பின்விளிம்பைத் தூக்கினால் மேல்மூடி முன்பக்கக் கொக்கிகளிலிருந்து கழன்று வரும். தகட்டை வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெம்பரேன் ரிப்பன்கள் கண்ட்ரோலர் போர்டில் (அழுத்திய கீயைக் கணினிக்குச் சொல்லும் சிப் உள்ள பலகை) செருகியிருக்கும், அவற்றை நேராக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். எர்த் வயரையும் விளக்குகளுக்கான வயரையும் விட்டுவிடாதீர்கள்.

தகட்டைத் திருப்பியதும் குட்டு வெளிப்பட்டது. ஓரத்தில் மட்டும் சில ஸ்க்ரூக்கள், படம் எடுக்கத் தோதாக. நடுப்பகுதி முழுக்க உடைந்த தண்டுகளின் மேல் ஹாட் க்ளூ. இந்தப் பசை தகட்டை இறுக்கிப் பிடிக்காது. உள்ளே கசிந்தால் அதைவிட மோசம்: மெம்பரேனைத் தகட்டோடு ஒட்டிவிடும், பிறகு யாராவது ஒழுங்காகப் பழுதுபார்க்கப் பிரித்தால் கிழிந்துபோகும்.

'கூரியரில் உடைந்திருக்கும்' என்பது விற்றவரின் பதில். அதைச் சரிபார்க்கலாம். புதிதாக உடைந்த தண்டின் முகம் சுத்தமாக இருக்கும். இங்கே முறிவின் மேல் தூசி, தூசியின் மேல் பசை. எந்தக் கூரியரும் பசை தடவித் தருவதில்லை.

முறையான போல்ட் வேலை என்றால் ரிவெட் தலைகளை உளியால் சீவி, அடுக்குகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக் தட்டில் சுமார் 1.6 மி.மீ. துளைகள் போட்டு, எம்2 போல்ட் (பெரும்பாலும் 8 மி.மீ. நீளம்) நட்டோடு இறுக்குவது. கீகேப் (எழுத்து பொறித்த கீயின் தொப்பி) இடிக்கும் சில இடங்களை விட்டுவிடுவார்கள், அது ஏமாற்று இல்லை. நடுப்பகுதியே காலியாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் தட்டு விரிசல் விடும். வந்த கீபோர்டில் அதுவும் இரண்டு இடத்தில் இருந்தது.

வருஷமும் பொய். பின்னால் ஒட்டிய லேபிளில் 1987 என்றிருந்தாலும், கண்ட்ரோலர் சிப்பின் நாலிலக்க எண் 92-இல் தொடங்கியது. முதல் இரண்டு இலக்கம் வருஷம், அடுத்த இரண்டு வாரம். லேபிளின் மூலைகள் தூக்கிக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதன்பிறகுதான் புரிந்தது. போர்டை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். மாற்றியிருந்தால் சொல்லி விற்க வேண்டும். கீபோர்டுகளைத் தயாரித்த பிரிவு 1991-இல் ஐபிஎம்மிடமிருந்து லெக்ஸ்மார்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதன் பிறகு வந்தவற்றில் கேபிள் கழற்ற முடியாத, எடை குறைந்த ரகங்கள் உண்டு. பழையதற்கு விலை அதிகம் என்பதால்தான் இந்த லேபிள் வித்தை.

இலவச அடாப்டர் குப்பை. பிஎஸ்/2 முனையை (பழைய கீபோர்டுகளின் வட்ட பிளக்) யூஎஸ்பி முனையாக வயரை மட்டும் மாற்றித் தரும் சின்னத் துண்டு அது, யூஎஸ்பி தெரிந்த கீபோர்டுக்கே உதவும். மாடல் எம்முக்கு யூஎஸ்பி தெரியாது, உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். அதிலும் மலிவானவை சில, இந்தக் கீபோர்டு இழுக்கும் மின்சாரத்தைத் தாங்காமல் தடுமாறும். கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் கன்வெர்ட்டரை மாற்றிப் பாருங்கள்.

சோதிக்கும்போது இன்னொன்று. மூன்று கீயைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது சில சமயம் விழாது. அது பழுதில்லை, இந்த மெம்பரேனின் அமைப்பே அப்படி. ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை. கீபோர்டை ஸ்பேஸ்பார் மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு கீகேப்பைத் திரும்பப் பொருத்தினால் சரியாகும். சம்பந்தமில்லாத பல கீகள் ஒன்றாகச் செத்திருந்தால் மெம்பரேன் பாதையோ ரிப்பன் முனையோ அரித்திருக்கும், பொதுவாக எப்போதோ காபி கொட்டியதன் விளைவு. அது ஸ்பிரிங் வேலையில்லை, மெம்பரேனையே மாற்ற வேண்டும்.

'குயட் டச்' என்று எழுதிய மாடல் எம் வந்தால் அது ரப்பர் டோம் (கீக்கு அடியில் ரப்பர் குமிழ்) வகை, ஸ்பிரிங்கே கிடையாது. பெரிய கணினிகளோடு இணைந்த பழைய திரைமுனையங்களுக்கான 122 கீ டெர்மினல் கீபோர்டு சாதாரண அடாப்டரில் ஓடாது. இவற்றை 'அபூர்வ ரகம்' என்று விற்பவர்கள் நிறைய.

பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கேஸ் திறந்த பின்தகட்டின் முழுப் படம், சிப் எண் தெரியும் படம், காதருகே வைத்துக் குலுக்கும் விடியோ. பார்சல் வந்ததும் நீங்களும் திறக்கும் முன்பே குலுக்கி விடியோ எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஸ்க்ரூவைத் தொட்டுவிட்டால் 'நீங்கள் பிரித்ததால் உடைந்தது' என்பார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் எடை, வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு பல சமயம் கீபோர்டு விலையைத் தொடும். அது விற்பவருக்கும் தெரியும். ரிவெட் போனதை ஒளிக்காமல் சொல்லிக் குறைந்த விலைக்குத் தருபவரிடம் தாராளமாக வாங்கலாம், போல்ட்டும் நட்டும் சில நூறு ரூபாய்தான்.