‘சுகர் பொடி’ விற்றவர் பணத்தைத் திருப்பித் தர வந்தால் டப்பாவைக் கொடுத்துவிடாதீர்கள்

நடைப்பயிற்சி மைதானத்து வாசலில் மேசை போட்டு, இலவசமாகச் சர்க்கரை அளவு பார்த்துத் தருகிறோம் என்று உட்கார்ந்திருப்பவர்களிடம் உங்கள் வீட்டுப் பெரியவர்களை அண்டவிடாதீர்கள். விரலில் குத்தி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி, அந்தப் பயம் ஆறுவதற்குள் ஒரு மூலிகைப் பொடி டப்பாவை விற்றுவிடுகிறார்கள். என் அப்பாவிடம் அப்படித்தான் விற்றார்கள். டப்பா ஒன்று 1,800 ரூபாய். ஒரு மண்டலம் சாப்பிட்டால் மாத்திரையே தேவைப்படாது என்று துண்டறிக்கை. “இது வெறும் உணவுதான் ஐயா, பக்கவிளைவே கிடையாது” என்று வாய்மொழி உத்தரவாதம் வேறு.

அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைத் தொடர்ந்தார். சர்க்கரை உண்மையிலேயே மளமளவென்று குறைந்தது. அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஒரு விடியற்காலை அம்மா எழுப்பியபோது உடம்பெல்லாம் வியர்வை, நாக்கு குழறல், எங்களை அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனையில் பார்த்தால் சர்க்கரை 44. குளுக்கோஸ் ஏற்றி நினைவு திரும்பிய பிறகும் மறுநாள் வரை அளவு விழுந்துகொண்டே இருந்தது. “மாத்திரையை நிறுத்தியவருக்கு எப்படி இப்படி ஆகும்? வேறு என்ன சாப்பிடுகிறார்?” என்று டாக்டர் கேட்டார். டப்பாவைக் காட்டினோம். பொடிக்குள் கிளிபென்கிளமைடு கலந்திருக்கலாம் என்று அப்போதே சந்தேகப்பட்டார். அது பழைய, மலிவான சர்க்கரை மாத்திரை. முதியவர்களுக்குக் கொடுக்க மருத்துவர்களே யோசிப்பது. 2008-இல் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இப்படிச் சர்க்கரை விழுந்து மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், நான்கு பேர் இறந்தார்கள். ஆண்மைக்கென்று விற்ற கள்ள மாத்திரைகளிலும் மூலிகைச் சரக்கிலும் இதே மருந்துதான் கலந்திருந்தது.

வீட்டுக்கு வந்து டப்பாவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தயாரிப்புத் தேதியின் மேல் இன்னொரு தேதி ஒட்டியிருந்தது. தொகுதி எண் இல்லை. பொருள்பட்டியலில் வெந்தயம், நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், ஆவாரம்பூ, அவ்வளவுதான். இத்தகைய துணை உணவுகளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று தெளிவாக அச்சிட வேண்டும் என்பது விதி. அந்த வரியும் இருந்தது, டப்பாவின் அடிப்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரைக்குக் கீழே 14 இலக்க உரிம எண். அதை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தபோது வேறு மாவட்டத்து மசாலாத் தூள் அரவை ஆலையின் பெயர் வந்தது. அந்த முத்திரையைப் பார்த்துத்தான் அப்பா நம்பினார்.

என் தம்பி அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினான். டாக்டர்தான் தடுத்தார். முதலில் விற்றவருக்குத் தெரிந்தால் சரக்கு இரவோடு இரவாக மறைந்துவிடும். நாம் பாதி தின்ற டப்பா நீதிமன்றத்தில் நிற்காது. நாமே எதையோ கலந்துவிட்டோம் என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் விற்பவரின் இருப்பிலிருந்து தம் கையால் எடுத்து, நான்கு பாகமாகப் பிரித்து, முத்திரையிட்ட மாதிரிதான் வழக்குக்கு அச்சாணி. ஆகவே சத்தம் போடாமல் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்தோம். ரசீது, துண்டறிக்கை, மருத்துவமனைக் குறிப்பு, டப்பாவின் எல்லாப் பக்கங்களின் படம், கிடங்கு இருக்கும் தெரு, எல்லாவற்றையும் இணைத்தோம். கிடங்கில் சரக்கு கையும் களவுமாகச் சிக்கியது.

அந்தப் புகாரில் கட்டாயம் இருக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: ‘அலோபதி மருந்துக் கலப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.’ இந்த வரி இல்லாவிட்டால் ஈரப்பதம், சாம்பல், லேபிள் வாசகம் என்ற அளவில் சோதனை முடிந்துவிடக்கூடும். லேபிள் குற்றம் மட்டும் என்றால் விவகாரம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். கட்டிவிட்டு மறுநாளே கடை திறப்பார்கள். பாதுகாப்பற்ற உணவு என்று அறிக்கை வந்தால்தான் 59-ஆம் பிரிவு, அதாவது குற்றவியல் நீதிமன்றம், சிறை. உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் ஓராண்டு வரை. கொடுங்காயம் என்றால் 6 ஆண்டு வரை. எங்கள் மாதிரியில் கிளிபென்கிளமைடு இருந்தது என்று பகுப்பாய்வு அறிக்கை வந்தது.

அதற்குப் பிறகுதான் பொடி விற்றவர் வீடு தேடி வந்தார், கையில் பழக்கூடையோடு. “அம்மா, ஏதோ கம்பெனிக்காரன் செய்த தவறு, நான் வெறும் ஏஜென்ட். முழுப் பணத்தையும் தந்துவிடுகிறேன், மீதி டப்பாக்களைக் கொடுத்துவிடுங்கள்” என்று அம்மாவிடம் குழைந்தார். அவருக்கு வேண்டியது எங்கள் மன்னிப்பு இல்லை, அந்த டப்பாக்களும் ‘எங்களுக்குப் புகார் இல்லை’ என்ற கையெழுத்தும். அம்மா பழக்கூடையைத் திண்ணையிலேயே விட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். இழந்த பணத்தையும் சிகிச்சைச் செலவையும் கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் தனியாக இருக்கிறது. செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி சொல்கிறார்கள். அவர் நீட்டும் காசுக்கு மயங்க அவசியமே இல்லை.

தாமதமும் ஆபத்து. குற்றம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை ஏற்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையர் காரணம் எழுதி அனுமதித்தால் மூன்றாண்டு வரை நீளும். சிறைத்தண்டனைக்குரிய வழக்கென்றால் தொடரவே ஆணையரின் அனுமதி வேண்டும். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று நாம்தான் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்காவிட்டால் அது நகராது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். நீரிழிவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம் என்பதால் துண்டறிக்கையின் நகலை மருந்து ஆய்வாளருக்கும் அனுப்பியிருக்கிறோம்.

வழக்கு நடுவர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. அதே ஆள் இப்போது பக்கத்து ஊரில் வேறு பெயர் ஒட்டிய டப்பாவில் மூட்டுவலிப் பொடி விற்கிறார் என்று கேள்விப்படுகிறோம். இப்படிப்பட்ட வலிப்பொடிகளில் ஸ்டீராய்டு கலப்பது பழைய தந்திரம். உங்கள் வீட்டில் யாராவது ‘இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது’ என்று மகிழ்ந்தால் டப்பாவை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அவரைக் கேட்டே நிறுத்துங்கள். விற்றவரிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசாதீர்கள், புகார் பதிவாகும் வரை.