போன் ஸ்லோவா இருக்குன்னு கடையில ரூட் பண்ண குடுத்துடாதீங்க. 3,500 ரூபாயும் போச்சு, அஞ்சு வருஷ பிளவுஸ் அளவும் போச்சு

கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து சாயங்காலம்தான் அந்தக் கடையில இருந்து திட்டு வாங்கிட்டு வந்தேன். ஆமா, 3,500 ரூபா குடுத்த நான்தான் திட்டு வாங்கினேன்.

கடை பேரு சொல்லமாட்டேன், இவரு வேணாம்னுட்டாரு. மதுரைல பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடைங்க வரிசையா இருக்குமே, அதுல ஒண்ணு. டெம்பர் கிளாஸ் ஒட்டுறது, டிஸ்ப்ளே மாத்துறது, ‘சாஃப்ட்வேர் ஒர்க் செய்யப்படும்’னு போர்டு, அவ்வளவுதான்.

நான் வீட்டுலயே ஆரி ஒர்க் பிளவுஸ் பண்றேன். 2019ல ரெண்டு ஃபிரேம் போட்டு ஆரம்பிச்சது. கஸ்டமர் அளவு பிளவுஸ் குடுப்பாங்கல்ல, அதை விரிச்சு மேல இஞ்ச் டேப்ப வச்சு போட்டோ எடுத்துட்டு அப்பவே திருப்பிக் குடுத்துடுவேன். தோள், கை நீளம், முன் கழுத்து இறக்கம், கை சுற்றளவு எல்லாம் போட்டோவுலயே இருக்கும். நோட்டு போட்டு எழுதி எழுதி அது எண்ணெய் பட்டு கிழிஞ்சு போகும், போன்னா பத்திரமா இருக்கும்னு நம்பினேன் பாருங்க. நூத்துக்கும் மேல ஆளுங்களோட அளவு, நான் போட்ட டிசைன் ஒண்ணு விடாம, எந்தப் புடவைக்கு எந்தக் கலர் ஜரி, எத்தனை அட்வான்ஸ், எல்லாம் வாட்ஸ்அப்லயும் கேலரிலயும்தான்.

போன் 2021ல வாங்குனது, 64 ஜிபி. ஒரு வருஷமா ஆமை மாதிரி ஆயிடுச்சு. கேலரிய தொறந்தா விளம்பரம், ஃபைல் தொறந்தா விளம்பரம், நான் போடாத கேம் எல்லாம் உக்காந்திருக்கு, அழிக்கவும் முடியல. கஸ்டமர் எதிர்ல உக்காந்திருக்கும்போது டிசைன் காட்டலாம்னு தொறந்தா சுத்திக்கிட்டே இருக்கும், மானம் போகும். சரி புதுசு வாங்குற நேரம் இல்ல, ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சு, கொஞ்சம் ஃபாஸ்ட் பண்ண முடியுமான்னு கேக்கத்தான் போனேன். கேக்கத்தான்!

கடையில ஒரு பையன், இருபத்திமூணு இருபத்திநாலு வயசு இருக்கும். ரொம்ப மரியாதையா பேசுனான், அதுலதான் விழுந்தேன். "அக்கா, இது போன் தப்பு இல்லக்கா, கம்பெனிக்காரன் குப்பைய அடைச்சு குடுத்திருக்கான். ரூட் பண்ணிட்டா அதை எல்லாம் தூக்கிடலாம், ராக்கெட் மாதிரி போகும்"னான். ரூட்டுன்னா என்ன தம்பின்னு கேட்டேன். "இப்ப நீங்க வாடகைக்கு இருக்கீங்கக்கா, ரூட் பண்ணா வீடு உங்க பேருக்கு வந்துடும்"னான். அதாவது கம்பெனி பூட்டி வச்ச போன் சாஃப்ட்வேர்ல நாமளே எதை வேணும்னாலும் மாத்தலாமாம். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க. வாடகை வீட்டுல இருக்குறவங்ககிட்ட அப்படிச் சொன்னா யாரு மயங்க மாட்டா.

போட்டோ எல்லாம் ஒண்ணும் ஆகாதே தம்பின்னு கேட்டேன், சத்தியமா கேட்டேன். அதுக்கு அவன், "ஜிமெயில் ஐடி போட்டிருக்கீங்கள்ல?" போட்டிருக்கேன். "அப்ப எல்லாம் அதுலயே இருக்கும்கா, பயப்படாதீங்க." இதான் நடந்த பேச்சு, ஒரு வார்த்தை கூட்டல குறைக்கல. அந்த இடத்துலயே ஜிபேல 1,200 ரூபா போட்டுவிட்டேன். ஒரு துண்டுச் சீட்டு குடுத்தான், எஸ்டிமேட்னு போட்டிருந்துச்சு, மடிச்சு பர்ஸ்ல வச்சேன், பின்பக்கம் திருப்பிக்கூட பாக்கல.

இப்ப எது எனக்கு வயிறு எரியுதுன்னா கேளுங்க. அன்னிக்கே அவன் எதுவும் செய்யல. "ரிக்வெஸ்ட் போட்டிருக்கேன்கா, கம்பெனில இருந்து 168 மணி நேரம் வெயிட் பண்ணச் சொல்லும், ஏழு நாள் கழிச்சு வாங்க"ன்னு போனை என் கையிலயே குடுத்துட்டான். ஏழு நாள்! போன் என்கிட்ட, கேபிள் என்கிட்ட, அண்ணன் வீட்டுல லேப்டாப் இருக்கு, ஒரு மணி நேரத்துல அத்தனை போட்டோவையும் எடுத்து வச்சிருப்பேன். அந்த ஏழு நாள்ல ரெண்டு தடவை அவனே எனக்கு போன் பண்ணினான், "அக்கா சிம்ம கழட்டிடாதீங்க, அக்கவுண்ட்ல இருந்து வெளிய வந்துடாதீங்க"ன்னு. அதைச் சொல்லத் தெரிஞ்சவனுக்கு "அக்கா, எல்லாம் அழிஞ்சிடும், எடுத்து வச்சுக்கங்க"ன்னு சொல்ல வாய் வரல.

ஏழாம் நாள் குடுத்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்கினா, புதுப் போன் மாதிரி ‘மொழியைத் தேர்வு செய்க’ன்னு நிக்குது. எனக்கு அப்பவும் புரியல, சந்தோஷமாத்தான் வீட்டுக்கு வந்தேன். ஜிமெயில் போட்டேன். காண்டாக்ட் எல்லாம் வந்துச்சு. வாட்ஸ்அப் போட்டேன், பேக்கப் எதுவும் இல்லைன்னு வந்துச்சு. கேலரி காலி. கூகுள் போட்டோஸ்ல பழசு கொஞ்சம் இருக்கு, ஒரு தேதியோட அப்படியே நிக்குது. அதுக்கப்புறம் ஒண்ணும் ஏறல. ஏன்னா அந்த 15 ஜிபி எப்பவோ நெறஞ்சு போச்சு. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’னு மேல வந்துக்கிட்டே இருக்கும், நான் தள்ளிவிட்டுக்கிட்டே இருப்பேன். 2021 ஜூனுக்கு முன்னாடி தரம் குறைச்சு ஏத்துன போட்டோ கணக்குல சேராதாம், அதுக்கப்புறம் எல்லாம் அந்த 15 ஜிபிக்குள்ளதான், இப்ப வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுலதான் சேருதாம். இது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா ஒரு நிமிஷம் என் போனைத் தொறந்து பாத்திருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?

பேரு பேரா காண்டாக்ட் இருக்கு, உள்ள போனா ஒரு மெசேஜ் கிடையாது. யாரு எந்த டிசைன் கேட்டாங்க, யாரு எவ்வளவு குடுத்தாங்க, எதுவும் இல்ல. முகூர்த்தம் பக்கத்துல வருது, ஃபிரேம்ல பாதி வேலையோட கல்யாணப் பொண்ணு பிளவுஸ் நிக்குது, முதுகுல என்ன மயில் போடச் சொன்னாங்க, கழுத்து மேல பாத்த மயிலா, தோகை விரிச்ச மயிலான்னு அவங்களுக்கே போன் பண்ணிக் கேட்டேன். அந்தம்மா "ஏங்க, அனுப்புனேனே"ங்குறாங்க.

மறுநாள் காலைல கடை தொறக்குறதுக்கு முன்னாடியே போய் நின்னேன். "சார்ஜ் போட்டு வைஃபைல வச்சிருங்கக்கா, மெதுவா இறங்கும்"னான். ஒரு நாள் வச்சேன், இறங்கல. அடுத்து "கூகுள் சர்வர் ஸ்லோக்கா." அடுத்து "ஓனர் சாயங்காலம் வருவாரு." சாயங்காலம் போனா ஓனர் டீ குடிக்கப் போயிருக்காரு, முக்கா மணி நேரம் என்ன டீயோ. அப்புறம் அவனே, "ரெக்கவரி பண்ணலாம்கா, பெரிய சாஃப்ட்வேர், அதுக்குத் தனியா 2,300 ஆகும், தொண்ணூறு பர்சென்ட் வந்துடும்"னான்.

குடுத்தேன். ஏன்னு கேக்காதீங்க. அஞ்சு வருஷ உழைப்பு உள்ள இருக்கு, தொண்ணூறு வரும்னா யாரா இருந்தாலும் குடுப்பாங்க. அதுலயும் ஒரு கூத்து என்னன்னா, ஜிபேல போடலாம்னு பாத்தா தொறக்கல. பேங்க் ஆப்பும் ‘இந்த டிவைஸ் ரூட் செய்யப்பட்டுள்ளது’ன்னு சொல்லி மூடிக்கிச்சு. அதனால ஏடிஎம்ல எடுத்து கையில குடுத்தேன். 1,200க்கு பேங்க்ல கணக்கு இருக்கு, 2,300க்கு ஒரு அத்தாட்சியும் இல்ல. அவன் கெடுத்த போனே அவனுக்கு சாதகமாப் போச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு பென் டிரைவ் குடுத்தான், ‘ஆயிரத்துச் சொச்சம் ஃபைல் வந்திருக்கு’ன்னு. அண்ணன் வீட்டுல போய் போட்டுப் பாத்தா, போனோட வர்ற வால்பேப்பர், ரிங்டோன், சின்னச் சின்ன ஐகான், ஸ்டிக்கர். என் பிளவுஸ் ஒண்ணு கூட இல்ல. ஒண்ணு கூட!

அண்ணன் பையன் இஞ்சினியரிங் மூணாவது வருஷம். அவன்தான் உக்கார வச்சு சொன்னான். "அத்தை, ரூட் பண்றதுக்கு முன்னாடி பூட்லோடர்னு ஒரு பூட்டைத் தொறக்கணும். அதைத் தொறக்கும்போதே போன் தன்னைத்தானே முழுசா துடைச்சுக்கும். கோளாறு இல்ல, வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, இல்லைன்னா திருடுனவன் பூட்டைத் தொறந்து உள்ள இருக்குறதைப் பாத்துடுவான்ல. தொறக்குற முன்னாடி ஸ்கிரீன்லயே எல்லாம் அழியும்னு எழுத்துல காட்டும்." அப்ப அந்தக் கடைப் பையன் அதைப் படிச்சுட்டுத்தான் அமுக்கியிருக்கான்! வாட்ஸ்அப் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு போனுக்குள்ளயே ஒரு பேக்கப் எடுக்குமாம், அதுவும் போனுக்குள்ளதானே, அதுவும் சேந்து போச்சு. மெமரி கார்டு போட்டிருந்தா அதுல இருந்தது தப்பிச்சிருக்குமாம், நான் போடல.

ரெக்கவரி பத்தி கேட்டேன். இப்ப வர்ற போன்ல உள்ள இருக்குறது எல்லாம் பூட்டின மாதிரி எழுத்துலதான் இருக்குமாம், அதைப் படிக்கிற சாவி போனுக்குள்ளயே இருக்கும், துடைக்கும்போது முதல்ல போறது அந்த சாவிதான். சாவி போனப்புறம் எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் வராதாம், தொண்ணூறு இல்ல, ஒரு பர்சென்ட் வராது. சாஃப்ட்வேர் ஒர்க்னு போர்டு வச்சிருக்கவனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சே 2,300 வாங்கியிருக்கான். 1,200 கூட கூலின்னு விட்டுடுவேன், இந்த 2,300தான் பச்சைத் திருட்டு.

அண்ணன் பையன் இன்னொண்ணும் சொன்னான், அதைக் கேட்டு அழுகையே வந்துடுச்சு. விளம்பரத்தை நிறுத்தவும் அந்த கேம் ஆப் எல்லாம் தூக்கவும் ரூட்டே வேணாமாம். பாதி செட்டிங்ஸ்லயே நிறுத்தலாம், மீதிய கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு எடுத்துடலாமாம்.

நேத்து இவரையும் கூட்டிக்கிட்டு போனேன். இந்தத் தடவை ஓனர் இருந்தாரு. "நீங்கதானம்மா ரூட் பண்ணச் சொன்னீங்க"ன்னு எடுத்த எடுப்புலயே. ரூட்டுன்னா என்னன்னே தெரியாத நான் சொன்னேனாம். சீட்டைத் திருப்பிக் காட்டுறாரு, பின்னாடி ரப்பர் ஸ்டாம்ப், ‘டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல’. 2,300 பத்தி கேட்டா "எந்த 2,300? பில்லு காட்டுங்க." அந்தப் பையன் தலையக் குனிஞ்சு யாரு போனுக்கோ கிளாஸ் ஒட்டிக்கிட்டிருக்கான், அக்கான்னு ஒரு வார்த்தை வரல. ஜிபேயாவது வேலை செய்ய வச்சுக் குடுங்கன்னா, ரூட்டை எடுக்க 800 ஆகுமாம். இவரு சத்தம் போட்டாரு, அவரு "பொம்பளைய வச்சுக்கிட்டு கடையில தகராறு பண்ணாதீங்க"ன்னு அதுக்கு மேல சத்தம் போட்டாரு. வந்துட்டோம். ராத்திரி வாட்ஸ்அப்ல அந்தப் பையனுக்கு நீளமா அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, அவ்வளவுதான்.

800 குடுக்கல. அண்ணன் பையன் கம்பெனி சாஃப்ட்வேரையே இறக்கி ஏத்தி, திரும்ப லாக் பண்ணிக் குடுத்தான், ராத்திரி ஒரு மணி வரைக்கும். லாக் பண்ணும்போதும் மறுபடி ஒரு தடவை எல்லாம் அழியுது, ரெண்டு நாளா நான் கேட்டு வாங்கிச் சேத்த போட்டோவை முதல்ல லேப்டாப்புக்கு எடுத்துட்டுத்தான் செஞ்சான். அந்த ஒரு வேலைதாங்க, பத்து நிமிஷம் ஆச்சு. நமக்காவது அழிஞ்சதோட போச்சுங்குறான், தப்பான ஃபைல ஏத்திட்டா போன் லோகோவுலயே நின்னு சுத்துமாம், சிலருக்கு போனோட அடையாள நம்பரான ஐஎம்இஐயே காணாமப் போய் சிம் எடுக்காதாம். சாம்சங்ல ரூட் பண்ணா நாக்ஸ்னு பாதுகாப்புக்கு வச்சிருக்கிற ஃப்யூஸ் ஒண்ணு உள்ள எரிஞ்சிடும், திரும்ப எடுத்தாலும் அது எரிஞ்சது எரிஞ்சதுதானாம்.

1915க்கு இன்னிக்கு காலைல போன் பண்ணி கம்ப்ளெயின்ட் பதிஞ்சிருக்கேன், நுகர்வோர் ஹெல்ப்லைன். பில்லு கேட்டாங்க, எஸ்டிமேட் சீட்டுதான் இருக்குன்னேன், அதையும் ஜிபே ரசீதையும் வச்சுக்கச் சொன்னாங்க. பாப்போம்.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், நேரமில்ல, சுருக்கமா:

எந்தக் கடைக்குப் போனாலும் போனைக் குடுக்குறதுக்கு முன்னாடி கேபிள் போட்டு எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு எடுங்க. "ஜிமெயில்ல இருக்கும்"ங்குறதை நம்பாதீங்க, கூகுள் போட்டோஸையும் வாட்ஸ்அப் செட்டிங்ஸையும் தொறந்து கடைசி பேக்கப் என்ன தேதின்னு கண்ணால பாருங்க. ரெக்கவரிக்கு முன்பணம் குடுக்காதீங்க. கையில காசு குடுத்தா பில்லு வாங்குங்க, சீட்டோட பின்பக்கத்தையும் படிங்க. ரூட் பண்ணா ராக்கெட் மாதிரி போகும்னு எவனாவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

மதுரைல என்கிட்ட பிளவுஸ் குடுத்தவங்க யாராவது இதைப் பாத்தீங்கன்னா, தயவு செஞ்சு அளவு பிளவுஸ் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, நீங்க அனுப்புன டிசைனையும் மறுபடி அனுப்பிடுங்க. அட்வான்ஸ் எவ்வளவு குடுத்தீங்கன்னு நீங்க சொல்றதுதான் கணக்கு, நான் மறுத்துப் பேசமாட்டேன். புது நோட்டு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்.