டிவிபி-டி2 பாக்ஸுக்கு எஸ்டிகே மாற்றிய கதை

கூரையில் ஏரியல் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் டிவி (அந்த ஒளிபரப்பு முறையின் பெயர்தான் டிவிபி-டி2) பாக்ஸுக்கு ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், எழுதுவதுதான் எனக்குப் பல வருடமாகப் பிழைப்பு. சிப் கம்பெனி கொடுக்கும் எஸ்டிகேவை, அதாவது டிரைவர்களும் லைப்ரரிகளும் அடங்கிய மென்பொருள் தொகுப்பை, எடுத்து, அதன் மேல் எங்கள் மெனு, சேனல் தேடல், ரெக்கார்டிங் எல்லாம் கட்டி, ஜெர்மனி, கொலம்பியா, மலேசியா என்று போகும் பாக்ஸ்களில் ஏற்றுகிறோம். கம்பெனி பெயர் வேண்டாம். சிப் அதேதான், எஸ்டிகே மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பெரிய மாற்றம் என்றால் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் 3.10-லிருந்து 4.9-க்குப் போனது. டூல்செயின் (கோடைக் கட்டும் கம்பைலர் முதலான கருவிகள்) மாறியது, பழைய லைப்ரரிகள் லிங்க் ஆகவில்லை, கொஞ்ச நாள் எல்லாரும் எரிச்சலோடு திரிந்தோம். ஆனால் அது நேர்மையான தொல்லை. கம்பைலர் இன்ன வரியில் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும், திருத்திவிட்டுப் போகலாம்.

சத்தமே இல்லாமல் தொல்லை வந்தது, அலையைப் பிடிக்கும் டியூனர் பக்கம். பிடித்த அலையிலிருந்து டேட்டாவைப் பிரிக்கும் டீமாடுலேட்டரின் டிரைவரை சோர்ஸ் கோடாகத் தரமாட்டார்கள், கட்டி முடித்த பைனரி மாட்யூலாகத்தான் வரும். ரிலீஸ் நோட்ஸில் ஒரே வரி: லாக் ஆகும் நேரம், அதாவது சிக்னலைப் பிடித்துக்கொள்ள எடுக்கும் நேரம், குறைக்கப்பட்டது. பொய் இல்லை, லேபில் சேனல் தேடல் பறந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ஜெர்மனியிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. சிக்னல் பார் முக்கால்வாசிக்கு மேல் காட்டுகிறதாம், படமோ கட்டம் கட்டமாக உடைகிறதாம், அதுவும் சில வீடுகளில் மட்டும்.

அங்கே பல டவர்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியை அனுப்பும். பாக்ஸுக்கு அது ஒரே சிக்னலின் பல எதிரொலிகள் மாதிரி வந்து சேரும். 8 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் 32கே என்ற மோடு என்றால் ஒரு சிம்பல் (ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாத் துண்டு) 3.584 மில்லிசெகண்ட், எதிரொலிகளுக்காக அதன் முன்னால் விடும் கார்டு இன்டர்வலை 19/128 என்று வைத்தால் 532 மைக்ரோசெகண்ட் இடைவெளி, அதாவது சுமார் 160 கிலோமீட்டர் தூர வித்தியாசம் வரை தாங்கும். தாங்க வேண்டுமென்றால் டீமாடுலேட்டர் டேட்டாவை எடுக்கும் தன் நேர ஜன்னலைச் சரியான இடத்தில் திறக்க வேண்டும். புது டிரைவர் அவசரத்தில் எது பலமான சிக்னலோ அதுதான் முதலில் வந்தது என்று எடுத்துக்கொள்கிறது. பக்கத்து டவரைக் கட்டடமோ குன்றோ மறைக்கும் வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிர்: பக்கத்து டவர் சிக்னல் முதலில் வரும், ஆனால் மெலிந்து வரும், தூரத்து டவர் பின்னால் பலமாக வரும். ஜன்னல் தப்பான இடத்தில் திறக்கும், முந்தைய சிக்னல் வெளியே விழுந்து அடுத்த சிம்பலோடு கலந்துவிடும். பலம் குறையவில்லையே, அதனால் பார் மட்டும் ஜம்மென்று நிற்கும்.

டிவி சிக்னலை லேபிலேயே உண்டாக்கும் மாடுலேட்டர் கார்டில் ஒரு மெலிந்த பாதையை முன்னாலும் பலமான பாதையைப் பின்னாலும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். பழைய எஸ்டிகே மெதுவாக, ஆனால் பிடிவாதமாகப் பிடித்தது. புதியது விழுந்தது. பழைய மாட்யூலையே போட்டுக்கொள்ளலாம் என்றால் 3.10-க்குக் கட்டியதை 4.9 கர்னல் ஏற்றாது. கம்பெனியோடு மல்லுக்கட்டி, ஜன்னலுக்கு இடம் தேடும் பழைய முறையைப் புது மாட்யூலில் ஒரு ஆப்ஷனாகச் சேர்க்க வைத்தோம். சேனல் தேடல் பழையபடி மெதுவாகிவிட்டது, பரவாயில்லை. லாக் நேரத்தைப் பார்த்து எந்தப் பாட்டியும் பாக்ஸைத் திருப்பி அனுப்புவதில்லை.

கொலம்பியா கதை சின்னது. அங்கே டிவிபி-டி2 ஓடுவது 6 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில். ஒரு அப்டேட்டில் ஆட்டோ ஸ்கேன் பட்டியலில் 7-ம் 8-ம் மட்டும் இருந்தன. ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

திட்டிக்கொண்டே இருந்தால் நியாயம் இல்லை, புது எஸ்டிகேவில் எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியைச் சேர்த்ததுதான். முன்பு எழுத்து வடிவங்களைத் தனித்தனியாக வரையும் ஃப்ரீடைப் மட்டும் இருந்தபோது, நிகழ்ச்சி விவரத்தில் யூடிஎஃப்-8 என்று அடையாளம் சொல்லும் 0x15 பைட்டை முதலில் வைத்து யூடிஎஃப்-8-ல் தமிழ் அனுப்பினால், 'செய்திகள்' என்பதில் ச முதலில் வந்து கொம்பு அதற்கு வலப்பக்கம் தொங்கும். மலேசியா பாக்ஸுக்காக நாங்களே செய்த டெஸ்ட் ஸ்ட்ரீமில் அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் கூசும். இப்போது ஒழுங்காக வருகிறது.

அடுத்து 5.10 கர்னல் கேட்டிருக்கிறோம். 4.9-க்கு லினக்ஸ் பக்கம் ஆதரவு 2023 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எங்களுடையது 32 பிட் சிப் வேறு, நேரத்தை 32 பிட்டில் எண்ணும் அதன் கடிகாரம் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டாது. கர்னல் மட்டும் மாறினால் போதாது, சி லைப்ரரியும் மாற வேண்டும், அப்படியென்றால் அந்த டீமாடுலேட்டர் மாட்யூல் உட்பட எல்லா பைனரியையும் அவர்கள் மறுபடி கட்டித்தர வேண்டும். இந்த முறை ஜன்னல் ஆப்ஷன் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் மற்றதைப் பேசுகிறோம்.