வாடகை வீட்டில் சேதம்: கிளைம் போடுவதா, கைக்காசில் முடிப்பதா?

வாடகைக்கு விட்ட வீட்டில் ஏதாவது உடைந்தாலோ, ஒழுகினாலோ, எரிந்தாலோ உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு. காப்பீட்டு நிறுவனத்திடம் கிளைம் போடலாம். கைக்காசைப் போட்டுச் சரிசெய்யலாம். குடியிருப்பவரின் தவறு என்றால் அவருடைய டெபாசிட்டிலோ, அவர் எடுத்திருக்கும் பாலிசியிலோ ஈடு கேட்கலாம்.

"வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறோமே, எதற்கு?" என்று சிலர் சின்ன விஷயத்துக்கும் கிளைம் போடுகிறார்கள். பிரீமியம் ஏறிவிடுமே என்று பயந்து சிலர் போட்டே ஆக வேண்டியதையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம்தான். என் கட்சி இது: எவ்வளவு செலவாகும் என்று இன்றே தெரிகிற சேதத்தைக் கைக்காசில் முடியுங்கள். எங்கே போய் நிற்கும் என்று தெரியாத சேதத்துக்குத் தயங்காமல் கிளைம் போடுங்கள்.

கைக்கு உண்மையில் எவ்வளவு வரும்?

பழுதுபார்க்க 100 பங்கு செலவு என்று வைத்துக்கொள்வோம். இழப்பீட்டைப் புதுப் பொருளின் விலைக்குத் தருவதா, தேய்மானம் கழித்துத் தருவதா என்பது பாலிசியிலேயே இருக்கும். தேய்மானம் கழிப்பதாக இருந்து, அது 30 என்றால் மிச்சம் 70. டிடக்டிபிள், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, 40 என்றால் கைக்கு வருவது வெறும் 30.

இனி அடுத்த பக்கம். தள்ளுபடி இல்லாத ஆண்டு பிரீமியம் 50, கிளைம் போடாதவருக்குத் தரும் நோ கிளைம் தள்ளுபடி 20 சதவீதம் என்றால் கிளைம் போட்ட பிறகு வருடத்துக்கு 10 கூடுதலாகக் கட்டுவீர்கள். அந்தத் தள்ளுபடி திரும்பி வர மூன்று வருடம் ஆனால், வந்த 30 முழுக்கத் திரும்பிப் போய்விட்டது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்காகக் காத்திருந்ததும், காகிதங்களைத் தேடி எடுத்ததும்தான் மிச்சம். உங்கள் பாலிசியின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் சேதம் டிடக்டிபிளைப் போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்குக்குள் இருக்கும்வரை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் போனை எடுக்காதீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு வெட்டும் உண்டு. வீட்டைத் திரும்பக் கட்ட 100 ஆகும் என்ற நிலையில் 60க்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், பல பாலிசிகளில் சின்ன சேதத்துக்கும் அதே விகிதத்தில் 60 சதவீதம்தான் கிடைக்கும். எங்கோ ஓர் அறையில் கூரை பெயர்ந்ததற்கும் இந்த வெட்டு விழும்.

வரிப் பக்கத்தையும் பாருங்கள். வாடகை வருமானத்தில் பழுதுச் செலவைக் கழித்துக்கொள்ள பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. காப்பீட்டில் திரும்பி வந்த தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. ஆக, கைக்காசு வழியின் நிஜச் செலவு பில்லில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம்.

சர்வேயர் எதைப் பார்க்கிறார்

பணம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது சேதம் எவ்வளவு பெரிது என்பதல்ல; அது திடீரென நடந்ததா, மெல்ல மெல்ல நடந்ததா என்பதுதான். குழாய் வெடித்து ஒரே இரவில் தண்ணீர் புகுந்தால் அது காப்பீட்டுக்குரிய விபத்து. மாதக்கணக்கில் கசிந்திருந்தால் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள்.

சமையலறை சிங்க்கின் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள். அடிப்பலகை உப்பியிருக்கும். கறை ஒரே விளிம்போடு நின்றால் ஒருமுறை நனைந்தது என்று பொருள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள் தெரிந்தால் பலமுறை நனைந்து காய்ந்திருக்கிறது. பின் சுவரில் உப்பு பூத்திருந்தாலோ, குழாயைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை துருவேறியிருந்தாலோ கதை முடிந்தது. சர்வேயர் முதலில் டார்ச் அடிப்பது அங்கேதான். அவர் வருமுன் நீங்களே அடித்துப் பார்த்துவிடுங்கள். நிராகரிக்கப்பட்ட கிளைமும் உங்கள் வரலாற்றில் ஒரு பதிவாக நிற்கக்கூடும். அமெரிக்காவில் க்ளூ என்ற தரவுத்தளத்தில் வீட்டுக் கிளைம்கள் 7 ஆண்டுகள் வரை இருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அங்கே தெரியும்.

கசிந்த குழாயை மாற்றும் செலவு பெரும்பாலும் உங்களுடையதே. அந்தத் தண்ணீரால் தரையும் சுவரும் கெட்டதற்குத்தான் இழப்பீடு. இது தெரியாமல் இரண்டையும் ஒரே கொட்டேஷனில் எழுதி வாங்குபவர்கள் பிறகு சிரமப்படுகிறார்கள். தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

கிளைம் போட்டே ஆக வேண்டியவை

தீ. சுவருக்குள்ளோ, தரைக்கு அடியிலோ, பக்கத்து வீட்டுக்கோ போன தண்ணீர். யாருக்காவது அடிபட்ட எந்தச் சம்பவமும். இந்த மூன்றிலும் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. இன்று சின்னதாகத் தெரியும் ஈரம் பலகைக்கு அடியில் எதுவரை போயிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அடிபட்டவர் இன்று "பரவாயில்லை" என்பார். மாதங்கள் கழித்து நோட்டீஸ் வரலாம். அன்றைக்குப் போய்ச் சொன்னால், உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று நிறுவனம் கைவிரிக்க முடியும்.

குடியிருப்பவர் வெளியேற வேண்டிய அளவுக்குச் சேதம் என்றால் வாடகை இழப்புக்கான காப்பீடும் கூட வரும். பாலிசியில் அந்தப் பிரிவு இருந்து, சேதத்தின் காரணமும் பாலிசிக்குள் வந்தால்தான் அது கிடைக்கும். வேலை இழுத்துக்கொண்டே போனால் பழுதுச் செலவைவிட வாடகை இழப்பு பெரிதாகிவிடும். அந்த இடத்தில் கைக்காசு வழி எடுபடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. அந்த பாலிசி வாடகைக்கு விட்ட வீட்டுக்கானதுதானா? தான் குடியிருக்கும் வீட்டுக்கென எடுத்ததை மாற்றாமல், நிறுவனத்துக்கும் சொல்லாமல் வாடகைக்கு விட்டிருந்தால் கிளைமே மறுக்கப்படலாம். வீடு காலியாகக் கிடந்தபோது நடந்த சேதத்துக்கும் தனிக் கட்டுப்பாடு உண்டு. இத்தனை நாளுக்கு மேல் காலியாக இருந்தால் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பார்கள்.

குடியிருப்பவரிடம் கேட்பது

கதவு உடைந்தது, கண்ணாடி விரிந்தது போன்றவற்றுக்கு இதுவே சுருக்கமான வழி. ஆனால் பழகிப் பழகி மங்கிய பெயிண்டும் தேய்ந்த தரையும் சேதம் ஆகாது. அவற்றுக்கு டெபாசிட்டில் கைவைப்பது நியாயமில்லை. குடிவந்த அன்றைய புகைப்படங்கள் இல்லையென்றால் உங்கள் வாதமும் நிற்காது. வேண்டுமென்றே செய்த சேதத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை என்பதால் அங்கே டெபாசிட்தான் கைகொடுக்கும்.

ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்திலும் முழுப் பணம் வாங்க முடியாது. நிறுவனம் கொடுத்தது போக, டிடக்டிபிள் போல மிஞ்சியதைத்தான் குடியிருப்பவரிடம் கேட்கலாம். அதேபோல, நிறுவனம் பணம் கொடுத்த பிறகு அவரிடம் வசூலிக்கும் உரிமை அதற்குப் போகிறது. "இனி உங்கள்மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவருக்கு அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால் அது உங்கள் கிளைமையே பாதிக்கும். இதிலும் ஊருக்கு ஊர் சட்டம் மாறும். 1975இல் ஓக்லஹோமா மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிரிடையான ஒப்பந்தம் இல்லாதபோது குடியிருப்பவரும் தீக்காப்பீட்டின் பாதுகாப்புக்குள் வருபவரே, நிறுவனம் அவர்மேல் பாய முடியாது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவிலேயே வேறு மாநிலங்கள் இதை ஏற்கவில்லை.

எந்த வழியானாலும் முதல் இரண்டு நாள்

தண்ணீரை நிறுத்தி, ஈரத்தை உலர்த்துங்கள். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. எதையும் பெயர்ப்பதற்கு முன் புகைப்படம் எடுங்கள். வெடித்த குழாய்த் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். திடீரென நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மேலே சொன்ன மூன்று வகை என்றால் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மற்றவற்றுக்கு முதலில் கொட்டேஷன், பிறகு முடிவு. சும்மா விசாரித்தாலே அதையும் சம்பவமாகப் பதிவு செய்யும் நிறுவனங்கள் உண்டு என்பதால் பாலிசியைப் படித்துவிட்டே பேசுங்கள். கிளைம் போடாவிட்டாலும் சம்பவத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதை மறைக்காதீர்கள்.

சின்னச் சேதங்களைக் கைக்காசில் முடிப்பதே உங்கள் வழக்கம் என்றால், அடுத்த புதுப்பிப்பில் டிடக்டிபிளை உயர்த்தினால் பிரீமியம் எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். குறைகிற தொகையைப் பழுதுக்கென்று தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். அந்தக் கணக்கில் புதிய டிடக்டிபிள் அளவுக்காவது பணம் சேராதவரை உயர்த்த வேண்டாம்.