குவிப்பதா, கேட்டுச் செய்வதா: மாதிரி ரயில் கம்பனிகளின் இரண்டு கணக்கு

மட்டக்களப்பில் இருந்துகொண்டு மாதிரி ரயில் சேர்ப்பவருக்கு இரண்டு வகைக் கம்பனிகளோடு பாடு. ஒரு வகை, எவ்வளவு விற்கும் என்று தானே கணித்துக் கடைகளை நிரப்பும். மற்றது, இந்தத் திகதிக்குள் ஓடர் தாருங்கள், அதற்கு ஏற்பத்தான் செய்வோம் என்னும்.

குவிக்கும் கம்பனி பிழைவிட்டால் ஊருக்கே தெரியும். 1957இல் அமெரிக்காவின் லயனல், பெண்பிள்ளைகளுக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சினும் வெளிர்நிறப் பெட்டிகளுமாக ஒரு செட் இறக்கியது. யாரும் சீண்டவில்லை. நிஜ ரயில் போல ஓடும் சாமானைத்தானே எந்தப் பிள்ளையும் கேட்கும்? அன்று விற்காமல் கிடந்ததாலேயே இன்று அந்தச் செட்டுக்கு அடிபிடி. பிரிட்டனின் ஹோர்ன்பி கம்பனியோ 2012 லண்டன் ஒலிம்பிக்கை நம்பி நினைவுப் பொருட்களைக் குவித்து, லாபம் குறையும் என்று பங்குதாரர்களை எச்சரிக்க வேண்டி வந்தது. விளையாட்டுப் பார்க்க வந்த கூட்டத்தையும் சேகரிப்பவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் போல. மிச்சம் விழுந்தால் நமக்கு நல்லது: கழிவு விலையில் வாங்கி, லண்டனிலிருந்து வரும் மச்சானின் பெட்டியில் போட்டுவிடலாம்.

முன்பதிவு முறை நேர்மையாகத் தெரியும், ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. ஒரே ஆள் இரண்டு கடையில் பதிந்து ஒன்றைக் கைவிடுவார். வாங்கி மறுவிலைக்கு விற்பவரும் வரிசையில் நிற்பார். பெட்டியைத் திறந்த படம் பார்த்த பிறகு ஆசைப்படுபவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

இரண்டு கணக்கிலும் அகப்படாதவர்கள் நாங்கள். கடைகளில் கிடைக்கும் 16.5 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளம், 1:87 அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால், நிஜத்தின் 1435 மில்லிமீற்றருக்குச் சரி. மட்டக்களப்புக்கு வரும் உதயதேவி ரயில் ஓடுவதோ 1676 மில்லிமீற்றர் அகலத்தில், அதற்கு 19.3 மில்லிமீற்றர் வேண்டும். இருக்கிற சக்கரத்தை நம் எஞ்சினுக்குப் பூட்டினால், பெரிய ஆள் குழந்தையின் செருப்பை மாட்டியது போலிருக்கும். 1954இல் இலங்கைக்குக் கனடா தந்த எம்2 எஞ்சின்களை, ஒன்றாரியோ, அல்பேர்ட்டா என்று பேர் எழுதிய அதே எஞ்சின்களை, ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்கள் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன். பட்டியலிலேயே இல்லாத எஞ்சினுக்கு யார் ஓடர் எழுதுவது?

சரி, வாங்குவது எப்படி? சரக்குப் பெட்டி, சாதாரணப் பயணிப் பெட்டி என்றால் பொறுங்கள், விலை இறங்கும். குறிப்பிட்ட ஒரு எஞ்சின், குறிப்பிட்ட நிறம் என்றால் முன்பதிவுதான். அதுவும் ஒரே கடையில்.