ஒகின்ஸ்கியும் கொஸ்ஸாகொவ்ஸ்கியும்: லிதுவேனியாவின் கடைசி இரு பெருந்தளபதிகள்

போலந்தோடு இணைந்திருந்த லிதுவேனியப் பெருங்கோமகவை (Grand Duchy) அரசின் படைத்தலைமைப் பதவியான மகா ஹெட்மன் பொறுப்பை 1768 முதல் 1793 வரை வகித்தவர் மிகாவ் கசிமியெஷ் ஒகின்ஸ்கி. அவருக்குப் பின் அதை ஏற்ற ஷிமொன் கொஸ்ஸாகொவ்ஸ்கியோடு அப்பதவியே முடிந்துபோனது. ருஷ்யத் தலையீட்டை எதிர்த்த பிரபுக்களின் அணியான பார் கூட்டமைப்பில் இருவருமே இருந்தவர்கள் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் விசித்திரம்.

ஒகின்ஸ்கி போர்க்களத்தைவிட இசையரங்குக்கே பொருந்தியவர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1771 செப்டம்பரில் பெஸ்ட்ஜெஷ் என்னுமிடத்தில் ருஷ்யப் படையொன்றை வென்ற அவர், அதே மாதம் ஸ்தொவோவிச்சேயில் ருஷ்யத் தளபதி சுவோரவ் நடத்திய இரவுத் தாக்குதலில் படையை இழந்து வெளிநாட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தபின் ஸ்லோனிமில் இசைநாடக அரங்கையும் இசைக்குழுவையும் வளர்த்தார். யாழ் போன்ற ஹார்ப் கருவியைத் தாமே வாசித்தார். ஷாரா, யாசெல்தா ஆறுகளை இணைத்து, நீமன் படுகையையும் தினீப்பர் படுகையையும் நீர்வழியால் தொடுத்த கால்வாய் இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது. 1800இல் வார்சாவில் இயற்கையாக மறைந்தார்.

கொஸ்ஸாகொவ்ஸ்கியோ தளபதியாகத் துணிந்தவர். ஆனால் அத்துணிவைப் பின்னாளில் ருஷ்யச் சேவைக்கே அளித்து, 1792இல் ருஷ்ய ஆதரவு பெற்ற தார்கோவிச்சா கூட்டமைப்பின் லிதுவேனியத் தலைவர்களுள் ஒருவரானார். பதவி கிடைத்தது, நிலைக்கவில்லை. 1794 ஏப்ரலில் படைத்தலைவர் யாசின்ஸ்கி தலைமையில் ருஷ்யாவுக்கு எதிரான வில்னியுஸ் எழுச்சி வென்றபோது பிடிபட்ட அவர், 25ஆம் தேதி நகர மன்றத்தின் முன் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சகோதரரான ஆயர் யூசெஃபுக்கும் மறுமாதம் வார்சாவில் அதே முடிவு நேர்ந்தது.