செவ்ரா, பாரீஸா, லிமோஜா? பழைய பிரெஞ்சுப் பீங்கான் பரிமாறும் பாத்திரங்களில் எதைச் சேர்ப்பது?

பழைய பிரெஞ்சுப் பீங்கான் கையில் கிடைத்தால் யாரும் முதலில் செய்வது கவிழ்த்துப் பார்ப்பதுதான். அடியில் முத்திரை இருந்தால் மனம் பாதி இளகிவிடும். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பாரீஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நீள்வட்டப் பரிமாறும் தட்டு ஒன்று கிடைத்தது. அடியில் பின்னிப் பிணைந்த இரண்டு நீல 'எல்' எழுத்துகள், நடுவில் 'கே'. செவ்ர் அரச ஆலையின் ஆண்டெழுத்து வரிசையில் 'கே' என்றால் 1763. வீட்டுக்கு வந்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் உறைத்தது: தட்டு வன்மண் பீங்கான். 1763இல் செவ்ர் விற்றதெல்லாம் மென்மண் பீங்கான்.

இந்த மண் கணக்கு பிடிபட்டால் பாதி ஏமாற்றுகளிலிருந்து தப்பிக்கலாம். உண்மையான பீங்கானுக்கு, அதாவது வன்மண்ணுக்கு, கயோலின் என்ற வெள்ளைக் களிமண் வேண்டும். பிரான்ஸில் அது லிமோஜ் நகருக்குத் தெற்கே சேன்-திரியே-லா-பெர்ஷ் என்ற ஊரில் 1768 வாக்கில்தான் தெரியவந்தது. அதுவரை கயோலின் இல்லாத ஒரு கலவையைச் சுட்டு, மேலே ஈயம் சேர்ந்த மெருகு பூசினார்கள். அதுதான் மென்மண். அதில் வண்ணம் மெருகுக்குள் இறங்கி, உருகிக் கலந்ததுபோல் இருக்கும். வன்மண்ணில் வண்ணம் மேலேயே நிற்கும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

அழகு என்று மட்டும் பார்த்தால் செவ்ர் மென்மண்ணுக்கு ஈடில்லை. 1740இல் வான்சென்னில் தொடங்கி, 1756இல் செவ்ருக்கு இடம்பெயர்ந்து, 1759இல் பதினைந்தாம் லூயியின் சொந்த உடைமையான ஆலை அது. அதன் வான்நீலம் வேறெங்கும் வராத நிறம். ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1776இல் கேட்டு வாங்கிய விருந்துத் தொகுப்பில் மட்டும் எழுநூறுக்கும் மேற்பட்ட உருப்படிகள்.

ஆனால் சேர்ப்பவருக்கு இதைப்போல் ஆபத்தான களம் வேறில்லை. 1800இல் ஆலையின் பொறுப்பை ஏற்ற அலெக்சாந்தர் ப்ரோங்னியார் மென்மண் தயாரிப்பையே நிறுத்தி, தேங்கிக் கிடந்த வெள்ளைப் பாத்திரங்களை விற்றுத் தீர்த்தார். வாங்கியவர்கள் அவற்றில் பழைய பாணியில் வண்ணம் தீட்டி விற்றார்கள். மண் அசல், ஓவியம் போலி. எளிய பூக்களை அழித்துவிட்டு, அடர்ந்த நிறப் பின்னணி போட்டு விலையை ஏற்றியவர்களும் உண்டு. ஒரு தடயம் மட்டும் உதவும்: குரோமியம் என்ற தனிமமே 1797இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே குரோமியப் பச்சை தீட்டிய தட்டு 1760களின் வேலையாக இருக்க வழியில்லை. செவ்ர் வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லையென்றால், வெள்ளைத் தரையில் சிதறிய சிறு பூக்கள் மட்டும் உள்ள தட்டைத் தேடுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத் தரைகளை செவ்ர் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்து வருவதே மேல்.

'வியூ பாரி', அதாவது பழைய பாரீஸ் சரக்கு, இதற்கு நேர்மாறு. பெரும்பாலானவற்றில் முத்திரையே இருக்காது. செவ்ரின் ஏகபோகத்தை மீறிப் பிழைக்க, பாரீஸ் ஆலைகள் அரச குடும்பத்தாரின் நிழலில் ஒதுங்கின. கிளிஞான்கூர் ஆலைக்கு மன்னர் பதினாறாம் லூயியின் தம்பி புரவலர், ரூ திரூ ஆலைக்கு ராணி மரி அந்துவானெத். எல்லாம் வன்மண். பளீர் வெள்ளை, தடித்த பொன்விளிம்பு, நெப்போலியன் காலத்து நிமிர்ந்த வடிவங்கள். இங்கே கண்ணை மட்டுமே நம்பி வாங்கவேண்டும்; எனக்குப் பிடித்ததே அதுதான். குறையும் அதிலிருந்துதான் வருகிறது: வெள்ளையும் பொன்னுமாக எது வந்தாலும் கடைக்காரர்கள் 'வியூ பாரி' என்றுதான் சொல்வார்கள். லிமோஜிலிருந்து வெள்ளையாக வந்து பாரீஸில் பொன் பூசிக்கொண்டவையும் அந்தக் கூட்டத்தில் நிறைய. பொன் தேயாத தட்டு அரிது; அதை மேசையில் புழங்கினால் இன்னும் தேயும்.

பரிமாறத்தான் வாங்குகிறோம் என்றால் என் தேர்வு தயக்கமில்லாமல் லிமோஜ், அதிலும் ஹாவிலண்ட். நியூயார்க்கில் பீங்கான் வணிகம் செய்த டேவிட் ஹாவிலண்ட் 1842இல் லிமோஜில் குடியேறி, அமெரிக்க மேசைகளுக்கென்றே செய்வித்தார். மூடியுள்ள காய்கறிப் பாத்திரம், சூப்புக்கான பெரிய கிண்ணம், குழம்புக் கிண்ணம், மீனுக்கு நீளத்தட்டு எல்லாம் ஒரே தொகுப்பில் வரும். அமெரிக்க வெள்ளை மாளிகைக்கு ஜனாதிபதி ஹேஸ் காலத்தில் விருந்துத் தொகுப்பு செய்து கொடுத்ததும் இந்த நிறுவனம்தான்.

இதன் முத்திரைகளைப் படிக்கப் படிக்க எனக்கு அலுப்பதில்லை. மெருகுக்கு அடியில் பச்சை முத்திரை: வெள்ளைப் பாத்திரத்தைச் செய்தவர் யார் என்பதற்கு. மெருகுக்கு மேலே இன்னொன்று: வண்ணம் தீட்டியவர் யார் என்பதற்கு. அடியில் 'பிரான்ஸ்' என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா சட்டம் போட்டதன் விளைவு. உடைந்த ஒன்றுக்கு மாற்றுத் தேடுவதும் சுலபம், ஏராளமாகச் செய்திருக்கிறார்கள். அரிதல்ல என்பதால் சிலர் ஒதுக்குவார்கள். நூறாண்டுக்கு மேலான பாத்திரத்தில் மனம் பதறாமல் விருந்தினருக்குப் பரிமாற முடிவதை நான் பெரிதாக நினைக்கிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரமும் மைக்ரோவேவும் மட்டும் வேண்டாம், பொன் போய்விடும்.

எந்த ஊர்ச் சரக்கானாலும், மண்பானை வாங்கும்போது பாட்டிமார் செய்ததுபோல விரல் நுனியால் தட்டிக் கேளுங்கள். கணீரென்றால் நல்லது, மழுங்கிய ஓசை என்றால் எங்கோ மயிரிழை விரிசல். ஒட்டுப்போட்ட இடம் புற ஊதா விளக்கில் தனித்துத் தெரியும். மூடியுள்ள பாத்திரமானால் மூடியை நான்கு பக்கமும் திருப்பி உட்காரவைத்துப் பாருங்கள். ஆடினாலோ, மூடியின் வெள்ளையும் அடியின் வெள்ளையும் ஒரு சாயல் மாறினாலோ, அவை இரண்டு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. பாதி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.